பேருக்குக் கிறிஸ்தவன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஞானஸ்நானத்தைப் பற்றியவை. போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு ஒன்றும் முடிந்துவிடுவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டீர்கள். சரி, பேசிவிடுவோம். கத்தோலிக்க வாசகர்கள் திருமுழுக்கு என்று படித்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷத்தில் நான் ஞானஸ்நானம் என்றே எழுதுகிறேன். இன்னொன்று, நான் ஆயர் இல்லை, இறையியல் பட்டம் வாங்கினவனும் இல்லை. ஞாயிறு பள்ளியில் பல வருடம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு முன்னால் முழித்தவன், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு 34 வயது. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். சான்றிதழ் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, கல்யாணத்தின்போது ஒரே ஒரு தடவை வெளியே எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறேன். மற்ற ஆறு நாளும் நான் கிறிஸ்தவன் என்பதற்கு என் பேரைத் தவிர ஒரு அடையாளமும் இல்லை. வேறு சபையில் இருக்கிற நண்பன், "நீ எடுத்தது ஞானஸ்நானமே இல்லை, விசுவாசித்து மறுபடி எடு, எல்லாம் சரியாகும்" என்கிறான். எடுக்கட்டுமா?

பதில்: தம்பி, இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். மறுபடி எடுக்கலாமா என்பது ஒன்று. வாரத்தில் ஆறு நாள் நான் யார் என்பது இன்னொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான், அதற்கு மருந்தாக முதலாவதை நினைக்கிறீர்கள். அதனால் இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"பேருக்குக் கிறிஸ்தவன்" என்று நம்மிடையே ஒரு வசை உண்டு. உங்கள் கடிதம் முழுக்க அந்த வசையை நீங்களே உங்கள்மேல் போட்டுக்கொண்ட கடிதம். ஆனால் மத்தேயு 28:19இல் "நாமத்திலே ஞானஸ்நானங்கொடுத்து" என்று நாம் படிக்கிற இடத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது ஏறக்குறைய "பேருக்குள்", "பேருக்கு" என்கிற மாதிரியான தொடர். அதே தொடர் அந்தக் காலத்துப் பப்பைரஸ் (நாணல் தாள்) கணக்குச் சீட்டுகளிலும் வருகிறது, ஒரு தொகையை இன்னார் பேருக்கு வரவு வைத்தது என்பதற்கு. நாம் நிலத்தை ஒருவர் பேருக்கு எழுதிவைத்தாயிற்று என்கிறோமே, அந்த மாதிரி. உங்களுக்கு மூன்று மாதத்தில் நடந்தது அதுதான், உங்களை இன்னொருவர் பேருக்கு எழுதிவிட்டார்கள். இந்த அர்த்தத்தில் நான், நீங்கள், எல்லோருமே பேருக்குக் கிறிஸ்தவர்கள்தான். அதைவிட்டால் நம் கையில் வேறு பத்திரம் கிடையாது. (எழுதும்போது நிலத்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை என்று நான் சொன்னால் உங்கள் நண்பர் சண்டைக்கு வருவார். வருவதில் அவருக்கு நியாயமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.)

யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறினபோது வானத்திலிருந்து கேட்ட சத்தம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." சுவிசேஷங்கள் சொல்கிற வரிசையில், அதுவரைக்கும் அவர் ஒரு பிரசங்கம் பண்ணவில்லை, ஒரு அற்புதம் செய்யவில்லை, ஒரு சீஷனைச் சேர்க்கவில்லை. மதிப்பெண் வாங்கின பிறகு கிடைத்த பாராட்டாக அது இல்லை. நாம்தான் இதைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, முதலில் ஆறு நாள் ஒழுங்காக வாழ்ந்து காட்டிவிட்டால் கடைசியில் கிறிஸ்தவன் என்று ஒப்புக்கொள்வார்கள் என்று ஒரு பரீட்சையை எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

அதற்காக ஆறு நாளை எப்படி வேண்டுமானாலும் கழிக்கலாம் என்று சொல்லவில்லை. நிலம் ஒருவர் பேருக்கு மாறினால் அதில் என்ன விளைகிறது என்று அவர் வந்து பார்க்கத்தானே செய்வார்? மூன்றாம் நூற்றாண்டு ரோமப் போதகர் ஹிப்போலித்து எழுதியதாகச் சொல்லப்படுகிற ஒரு பழைய சபை ஒழுங்கு நூல் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் மூன்று வருடம் வசனம் கேட்க வேண்டும் என்கிறது, நன்றாகத் தேறினவராக இருந்தால் காலத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நடத்தையைப் பார்த்தால் போதும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. கடைசியில் அவர்களைப் பற்றி விசாரிக்கும்போது என்ன கேட்டார்கள் தெரியுமா? விதவைகளைக் கனப்படுத்தினார்களா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்களா. கேள்வி அவர்களிடம் இல்லை, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களிடம்! அந்த ஆள் சொல்வதை நம்பாமல், கூட இருந்து பார்த்தவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே மேஜையில் ஒரு சிலுவை வைப்பதா, வாட்ஸ்அப்பில் காலையில் வசனம் போடுவதா என்று யோசிக்காதீர்கள். வைத்தால் வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. போன மாதம் நீங்கள் செய்த தவறு ஒன்று உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர் தலையில் விழுந்ததா, விழுந்தபோது நீங்கள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்களா? தினமும் உங்கள் நாற்காலிக்குக் கீழே பெருக்குகிறவரின் பேர் தெரியுமா? இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும்போது நீங்கள் இருக்கிற இடத்தில் அது சூடு பிடிக்கிறதா, அணைந்துபோகிறதா? கலாத்தியர் 3:27இல் பவுல், கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள் என்று உடுப்பைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிவிட்டு, அடுத்த வசனத்திலேயே யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை, ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்கிறார். இரண்டு வசனத்தையும் பிரிக்கவே முடியாது. பிறப்பை வைத்து ஒருவரை ஒரு படி கீழே நிறுத்திப் பேசுகிறவர், எவ்வளவு ஆழமான தண்ணீரில் முழுகி எழுந்திருந்தாலும், அந்த உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார்.

இப்போது உங்கள் நண்பர். அவர் சபையின் பார்வையில் அது இரண்டாவது ஞானஸ்நானம் இல்லை, முதலாவதுதான். விசுவாசம் இல்லாமல் பெற்றதை அவர்கள் ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. 1525 ஜனவரி 21ஆம் தேதி சூரிக் நகரத்தில் சிலர் ஒரு வீட்டில் கூடி இந்த நம்பிக்கையோடு ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் அதே நகரத்தின் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தீர்ப்புக் கொடுத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் அந்தப் பக்கத்துச் சகோதரர்களைக் கிண்டலாகப் பேசுவதை விட்டுவிட்டேன். மறுபக்கம், குழந்தைகளுக்குக் கொடுக்கிற வழக்கமும் நேற்று வந்ததில்லை. 200ஆம் ஆண்டு வாக்கில் தெர்த்துல்லியன் என்கிற வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் "சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் அவசரம்" என்கிற பாணியில் எழுதுகிறார் என்றால், அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? அப்போஸ்தலர் 16இல் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரோடு பெற்றார்கள். வீட்டில் குழந்தை இருந்ததா என்று லூக்கா எழுதவில்லை, அதனால்தான் இன்றுவரை வாதம் ஓடுகிறது.

என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். 1982இல் உலகச் சபைகளின் மன்றத்தைச் சேர்ந்த விசுவாச ஒழுங்கு ஆணையம் பல சபைகளின் இறையியலாளர்களை வைத்து லீமா நகரத்தில் ஒரு அறிக்கை கொண்டுவந்தது, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாத ஒன்று என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நான் சொல்கிற காரணம் வேறு. இந்த வருடம் மறுபடி எடுத்தீர்கள் என்றால், உணர்ச்சி அடங்கின பிறகு, ஒரு மூன்று வருடம் கழித்து, இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். "அன்றைக்கு எனக்கு விசுவாசம் போதுமான அளவு இருந்ததா?" என்று. அந்தக் கேள்விக்கு அடிமட்டமே கிடையாது. வேண்டுமானால் உங்கள் ஆயரிடம் ஞானஸ்நானப் பொருத்தனையைப் புதுப்பிக்கிற ஆராதனை எப்போது என்று கேளுங்கள். பல சபைகளில் ஈஸ்டர் இரவிலேயே அது உண்டு. மூன்று மாதத்தில் உங்களுக்காக யாரோ சொன்ன பதிலை, இந்தத் தடவை உங்கள் வாயால், சத்தமாக.

கேள்வி: முழுக்கா, தெளிப்பா? எது செல்லும்?

பதில்: இதற்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் நாலு கடிதம் வருகிறது. முதலாம் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுதப்பட்ட திதாக்கே என்கிற சின்ன நூல், ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், இரண்டுமே போதவில்லை என்றால் தலையில் மூன்று தடவை ஊற்றுங்கள் என்று முடித்துவிடுகிறது. மூலச் சொல்லுக்கு முழுக்குதல் என்று பொருள் என்பது உண்மை. அதே சொல்லைத்தான் லூக்கா 11:38 சாப்பாட்டுக்கு முன் சுத்தம் செய்வதற்கும் வைத்திருக்கிறது என்பதும் உண்மை. முழுக்கில் அடக்கம்பண்ணப்படுவதும் எழுவதும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, அது எனக்குப் பிடிக்கும். செல்லாது என்று சொல்லுமளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

கேள்வி: நான் எட்டு மாதத்துக்கு முன் முழு மனதோடு ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் என் கோபம் அப்படியே இருக்கிறது. போன வாரம் மகள் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அவள் நோட்டைக் கிழித்து எறிந்துவிட்டேன். அவள், "நீங்கள்தானே புது ஆள் ஆகிவிட்டேன் என்றீர்கள்?" என்று கேட்டாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ராத்திரி அவள் தூங்கின பிறகு நோட்டை டேப் போட்டு ஒட்டிவைத்தேன். எனக்கு அது வேலை செய்யவில்லையா?

பதில்: சகோதரி, ஞானஸ்நானம் பெற்ற ஈரம் காய்வதற்குள் இயேசு போன இடம் வனாந்தரம். மாற்கு "உடனே" என்றே எழுதுகிறார். அங்கே சோதனைக்காரன் ஆரம்பித்த முதல் வார்த்தை "நீர் தேவனுடைய குமாரனேயானால்". கவனியுங்கள், நாற்பது நாளைக்கு முன்னால்தான் குமாரன் என்று வானத்திலிருந்து சொல்லியாயிற்று, இவன் அதே வார்த்தையின் வாலில் ஒரு "ஆனால்" ஒட்டுகிறான். "எனக்கு அது வேலை செய்யவில்லையா" என்று உங்கள் காதில் கேட்பதும் ஏறக்குறைய அதே குரல்தான். மகளின் கேள்வியைச் சொல்லவில்லை, அவள் நியாயமாகத்தான் கேட்டாள்.

ரோமர் 6ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். கிறிஸ்துவோடுகூட அடக்கம்பண்ணப்பட்டோம் என்று பவுல் சொல்கிறது ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களிடம். அவர்களிடம் போய், "அறியாமலிருக்கிறீர்களா?" என்று கேட்கிறார். 11ஆம் வசனத்தில், பாவத்துக்கு மரித்தவர்களாக உங்களை எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார். தண்ணீரிலிருந்து எழுந்ததுமே பழையது தானாகப் போய்விடும் என்றால் எண்ணிக்கொள்ளச் சொல்வானேன்? லூதர் 1529இல் வீட்டுத் தலைவர்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், இந்தத் தண்ணீர் ஞானஸ்நானம் எதைக் குறிக்கிறது என்கிற கேள்விக்கு, நமக்குள் இருக்கிற பழைய ஆதாம் தினந்தோறும் மனஸ்தாபத்தினால் மூழ்கிச் சாக வேண்டும், புதிய மனுஷன் தினந்தோறும் எழும்ப வேண்டும் என்று பதில் வைத்திருக்கிறார். தினந்தோறும் என்றால், அந்தப் பழைய ஆளுக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்றுதானே அர்த்தம். அதே புத்தகத்தில், காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் போட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பேரைச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார். தொட்டியில் உங்கள்மேல் சொன்ன அதே பேர்தான், தினமும் காலையில் பல் துலக்குகிற நேரத்தில் மறுபடி.

நாலாம் நூற்றாண்டில் எருசலேமில், ஞானஸ்நானம் பெற வருகிறவர்களை முதலில் மேற்குப் பக்கம் திரும்பி நிற்கவைத்து, கையை நீட்டி, சாத்தானை நேராகப் பார்ப்பது போல "உன்னை விட்டேன்" என்று சொல்லவைப்பார்கள், அப்புறம் கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவார்கள். சீரில் என்கிற ஆயரின் பிரசங்கங்களில் இது இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, வாயால் சொல்வதோடு உடம்பும் திரும்ப வேண்டும் என்பதுதான். நீங்கள் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அந்தக் கிழிந்த தாள்களைப் பொறுக்கி, விளிம்புக்கு விளிம்பு சேர்த்து டேப் ஒட்டினீர்கள் பாருங்கள், எட்டு மாதத்துக்கு முன்னால் அதைச் செய்திருப்பீர்களா? இதை எனக்கு எழுதவேண்டாம், உங்கள் மகளிடம் கேளுங்கள். ஒட்டிவைத்ததோடு விடாமல் "அம்மா செய்தது தப்பு" என்று வாயைத் திறந்தும் சொல்லிவிடுங்கள், அது டேப்பைவிடக் கஷ்டம்.

கேள்வி: நான் விசுவாசிக்கிறேன், ஆனால் சிகரெட்டை விட்டபிறகு, கடனையெல்லாம் அடைத்தபிறகு, தகுதியோடு எடுக்கலாம் என்று ஐந்து வருடமாகத் தள்ளிப்போடுகிறேன். சரிதானே?

பதில்: உங்களுக்குப் பெரிய பெரிய கூட்டாளிகள் இருக்கிறார்கள். சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 337இல் சாகிற தறுவாயில்தான் எடுத்தார், அதற்கு 12 வருடம் முன்பே நைசியா சங்கத்தை, அதாவது ஆயர்களின் பெரிய மாநாட்டை, கூட்டி ஆயர்களுக்கு நடுவில் உட்கார்ந்தவர். பிற்காலத்தில் வட ஆப்பிரிக்காவில் பெரிய ஆயரான அகுஸ்தீன் சிறு பையனாக இருந்தபோது வயிற்று வலியில் சாகக் கிடந்து ஞானஸ்நானம் கேட்டார், ஏற்பாடு செய்வதற்குள் வலி நின்றுவிட்டது, அம்மா தள்ளிப்போட்டுவிட்டார். இனிமேல் செய்யப்போகிற பாவங்களுக்கெல்லாம் சேர்த்துப் பிறகு கழுவிக்கொள்ளலாம் என்கிற கணக்கு. "விடு, என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லையே" என்று ஊரார் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டே இருந்ததாம். உடம்பு விஷயத்தில் "விடு, இன்னும் காயம் படட்டும், இன்னும் குணமாகவில்லையே" என்று யாராவது சொல்வார்களா என்று பிற்பாடு அவரே கேட்கிறார். கடைசியில் 387 ஈஸ்டரில் மிலான் நகரத்தில் அந்த ஊர் ஆயர் அம்புரோஸ் கையால் பெற்றார்.

அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி, வழியில் தன்னோடு வண்டியில் ஏறி வசனத்தை விளக்கின பிலிப்புவிடம், "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்டார். கடன் பாக்கி இருக்கிறதா என்று பிலிப்பு விசாரித்ததாக எழுதப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் காய்ச்சலை இறக்கிக்கொண்டு போக வேண்டும் என்கிற மாதிரி இருக்கிறது உங்கள் யோசனை. ஆயத்த வகுப்பில் சேருங்கள். சிகரெட் ஒரு பக்கம் நடக்கட்டும், சண்டை போட்டு விடுங்கள். கடனை மட்டும் ஒழுங்காகக் கட்டுங்கள், அது அடுத்தவன் பணம்.

கேள்வி: எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டர் சில வருடம் கழித்துப் பெரிய தப்பில் மாட்டி ஊழியத்தை விட்டே போய்விட்டார். அவர் கை என் தலையில் பட்டதை நினைத்தாலே கூசுகிறது. அந்த ஞானஸ்நானம் செல்லுமா?

பதில்: செல்லும். கூசுவதில் ஆச்சரியம் இல்லை, அந்தக் கோபத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், அவரால் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால் அவர்கள் பக்கம் நில்லுங்கள். ஆனால் உங்களை அவர் தன் பேருக்கு எழுதிக்கொள்ளவில்லை. இது நாலாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க சபையையே இரண்டாக உடைத்த கேள்வி. உபத்திரவ காலத்தில் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்களின் கையால் நடந்தது எதுவும் செல்லாது என்று தொனாத்து பக்கத்தார் நின்றார்கள். அகுஸ்தீன் சொன்ன பதில் ரொம்பச் சுருக்கம்: பேதுரு கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்து, யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்து. பவுல் இதற்கு முன்பே கொரிந்து சபையாரிடம், "பவுலின் நாமத்தினாலேயா ஞானஸ்நானம் பெற்றீர்கள்?" என்று எரிச்சலோடு கேட்டிருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆபத்து நேரத்தில், சரியான நோக்கத்தோடு, தண்ணீரும் திரியேக நாமமும் வைத்து, ஞானஸ்நானம் பெறாத ஒருவர் கொடுத்தால்கூடச் செல்லும். கொடுக்கிறவரின் தகுதியை நம்பியிருந்தால் நம்மில் யாருக்குமே ராத்திரி தூக்கம் வராது.

கேள்வி: ஞானஸ்நானத்தின்போது பேரை மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள். அப்பா வைத்த பேர், எனக்கு மனசில்லை. மாற்றாவிட்டால் முழுக் கிறிஸ்தவள் இல்லையா?

பதில்: அம்மா, வேதத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சவுல் ஞானஸ்நானத்தில் பவுல் ஆனார் என்று மேடையில் அடிக்கடி சொல்கிறார்கள், ஆனால் அவர் ஞானஸ்நானம் பெறுவது அப்போஸ்தலர் 9இல், "பவுல் என்னப்பட்ட சவுல்" என்று வருவது 13இல், நடுவில் எல்லாம் சவுல்தான். ரோமர் 16இல் பவுல் வாழ்த்துச் சொல்கிறவர்களின் பட்டியலைப் பாருங்கள். எர்மே என்று ஒருவர், அது ஒரு கிரேக்க தெய்வத்தின் பேர். நேரேயு என்று ஒருவர், அதுவும் அப்படியே, கடல் தெய்வம். அதிகாரத்தின் தொடக்கத்தில் வருகிற பெபேயாள் என்கிற பேரும் கிரேக்கப் புராணத்தில் உண்டு. யாரும் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று பவுல் எழுதவில்லை. அலெக்சாந்திரியாவின் ஆயர் ஒருவருக்குத் தியோனீசியு என்று பேர், திராட்சரச தெய்வத்தின் பேரிலிருந்து வந்தது. இன்றைய கத்தோலிக்கச் சட்டமும், கிறிஸ்தவ உணர்வுக்குப் பொருந்தாத பேரை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. புதுப் பேர் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அழகாக வைத்துக்கொள்ளலாம், நிறையப் பேருக்கு அது பெரிய பலம். கட்டாயம் என்பதுதான் இல்லை.

பேரைப் பற்றி பெர்பெத்துவா சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கார்த்தேஜ் நகரத்தில், 203இல், கைக்குழந்தையோடு கைதான 22 வயதுப் பெண். அப்பா வந்து, கிறிஸ்தவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கெஞ்சுகிறார். அவள் அங்கே கிடந்த ஒரு குடுவையைக் காட்டி, இதை வேறு பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். அப்படித்தான் நானும், இருக்கிறதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது, நான் கிறிஸ்தவள் என்கிறாள். அதற்குச் சில நாள் கழித்துத்தான், காவலில் இருக்கும்போது, ஞானஸ்நானம் பெற்றாள். அரங்கத்தில் மிருகங்களுக்கு முன்னால் அவளோடு நின்றவர்களில் பெலிசித்தா என்கிற அடிமைப் பெண்ணும் ஒருத்தி. கடைசிவரைக்கும் இருவரும் வீட்டில் வைத்த பேரோடுதான் இருந்தார்கள். நாம் இன்றைக்கு அந்தப் பேர்களைத்தான் பிள்ளைகளுக்கு வைக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழந்தை பிறந்து இரண்டு நாளில் இறந்துபோனது. ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. ஒரு உறவினர் சொன்ன வார்த்தையில் நானும் என் மனைவியும் ஒரு வருடமாகத் தூங்கவில்லை.

பதில்: அந்த உறவினர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதாமல் விட்டது எனக்குப் புரிகிறது. சபையைச் சட்டம் கட்டிவைக்கலாம், கடவுளைக் கட்டாது. பக்கத்துச் சிலுவையில் தொங்கினவனுக்கு ஒரு துளித் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்னார். இரட்சணிய சேனையாரும் குவேக்கர்களும் தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை, அவர்கள் எல்லோரும் வெளியே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 392இல் இளம் சக்கரவர்த்தி இரண்டாம் வாலண்டினியன் ஞானஸ்நானம் கேட்டுவிட்டு, அம்புரோஸ் வந்து சேர்வதற்குள் இறந்துபோனார், அவர் விரும்பிக் கேட்டாரே, அது அவருக்குக் கிடைத்தது என்று அம்புரோஸ் அடக்கத்தில் பேசினார். குழந்தைகளைப் பற்றி 2007இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியல் குழு ஒரு அறிக்கை வெளியிட்டது, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்கிறது. நீங்கள் அந்தக் குழந்தைக்கு ஒரு பேர் வைத்திருந்தால், வீட்டில் அந்தப் பேரைச் சொல்லிப் பேசுங்கள், இருவருமாக. அந்த உறவினருக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் யாருக்கும் அவரவர் ஞானஸ்நான தேதி தெரியாது. பிறந்தநாள் மட்டும் தெரியும். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கொடுத்த ஆலயத்தில் பதிவேடு இருக்கும், தோராயமாக வருடத்தைச் சொன்னால் தேடித் தருவார்கள். என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய சான்றிதழ் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். பெரிய ஏடு, ஓரமெல்லாம் பழுப்பு. அவள் வரியில் பிறந்த தேதி, திருமுழுக்கு தேதி, அப்பா அம்மா, ஞானப்பெற்றோர், குருவின் கையெழுத்து. அது மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்திலேயே ஓரத்தில் வேறு ஒரு கையெழுத்தில், வேறு மையில், உறுதிப்பூசுதல் பெற்ற தேதி. கல்யாணம் ஆனாலும், குருப்பட்டம் வாங்கினாலும் அதே வரிக்குப் பக்கத்தில்தான் எழுதவேண்டும் என்பது அவர்கள் சட்டம், எந்த ஊரில் நடந்தாலும் இந்த ஏட்டுக்குச் சொல்லி அனுப்புவார்களாம். எங்கள் கல்யாணமும் இப்போது அங்கே இருக்கிறது.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். என் மனைவி பேரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது, அவளே ரொம்ப நேரம் தன் வரியைத் தாண்டிப் போய்த் தேடிக்கொண்டிருந்தாள். சான்றிதழ் வாங்குவதற்கு முன்னால் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.